மருந்து எழுதியவரே அடுத்த முறையும் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நரம்பியலில் டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு படிக்கும் மருத்துவர்களின் பயிற்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது, ராத்திரி டூட்டியில் ஸ்கேனைப் பார்த்து முடிவெடுப்பது எல்லாம் நன்றாக வந்திருந்தன. ஓ.பி. எனும் வெளிநோயாளர் பிரிவு பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. வலிப்பு, பார்க்கின்சன், ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பெரும்பாலோர் வார்டில் படுப்பதில்லை, வருஷக்கணக்காக ஓ.பி. வரிசையில்தான் நிற்கிறார்கள்.

என் தங்கைக்குக் கல்லூரியில் படிக்கும்போது வலிப்பு வந்தது. அன்றிலிருந்து ஓர் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறோம். போகும்போதெல்லாம் வேறு வேறு பி.ஜி. டாக்டர், அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டர். எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு அப்படியே ஓ.பி.யில் வந்து உட்காருபவர்களும் உண்டு. ஆனால் எப்போது ஆரம்பித்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாளா என்று முதலிலிருந்து கேட்கத் தொடங்குவதற்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பழைய நோட்டைப் பார்த்து அதே மாத்திரையை எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு முறை மட்டும் ஒரு பெண் டாக்டர், தங்கை வால்புரோயேட் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று கேட்டார். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து குழந்தையைப் பாதிக்கக்கூடும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மெல்ல வேறு மருந்துக்கு மாற்றலாம் என்றார். அடுத்த முறை அவர் வேறு போஸ்டிங்கில் இருந்தார். அப்புறம் வந்தவர் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதில் நோயாளிக்கு மட்டுமல்ல, படிக்கிறவருக்கும் நஷ்டம். பினிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு ஈறு வீங்குவது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். லெவிடிராசிடாம் என்ற இன்னொரு மாத்திரை சிலரைச் சிடுசிடுப்பாக்குவதை வீட்டார் சொன்னால்தான் தெரியும். மருந்து எழுதியவர் இதையெல்லாம் கண்ணால் பார்க்காமலேயே தேர்வு எழுதி, நிபுணராகிவிடுகிறார். பொதுவாக வலிப்பு இல்லாமல் 2 ஆண்டாவது கடந்த பிறகுதான் மாத்திரையைக் குறைப்பது பற்றியே யோசிப்பார்கள். டி.எம். படிப்பு 3 ஆண்டு. மனம் வைத்தால் ஒருவர் சிலரையாவது முதல் மாத்திரையிலிருந்து அந்தக் கட்டம் வரை பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் நரம்பியல் ரெசிடென்ட்கள், அதாவது பயிற்சி மருத்துவர்கள், எந்த வார்டில் இருந்தாலும், தங்கள் பொறுப்பில் உள்ள ஓ.பி. நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்க நேரம் ஒதுக்கியாக வேண்டும். நம் ஊர்க் கூட்டத்துக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது, சரி. ஆனால் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் முப்பது வலிப்பு நோயாளிகளை ஒப்படைக்கலாமே? மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறை, ஐ.சி.யூ. என்று எங்கே மாறினாலும் அந்த யூனிட்டின் ஓ.பி. நாளில் வந்து அவர்களைப் பார்க்கட்டும். படிப்பு முடிந்து போகும்போது அடுத்தவரிடம் நேரில் அறிமுகப்படுத்திவிட்டுப் போகட்டும். பயிற்சிக் குறிப்பேடான லாக் புக்கில் முதுகுத்தண்டில் எத்தனை முறை நீர் எடுத்தார் என்று எழுதுகிறார்களே, 2 ஆண்டு தொடர்ந்து பார்த்த நோயாளிகளையும் அதில் எழுதச் சொல்லலாம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது இன்னும் போகவில்லை. கல்யாணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பு நோயை 1999இலேயே அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள், மாமியார் வீட்டில் மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கிறது, கடைசியில் பெண்ணே நிறுத்திவிடுகிறாள். இதையெல்லாம் முன்பின் தெரியாத டாக்டரிடம் இரண்டு நிமிடத்தில் எந்தப் பெண் சொல்வாள்?

கட்டுரை ஆசிரியர் மறுபடி எழுதினால், பேராசிரியர்களிடம் இந்த ஓ.பி. விஷயத்தையும் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன்.

ஒரு வாசகி,
விழுப்புரம்