கேரவன் விட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

படுக்கையும் கழிவறையும் கொண்ட கேரவன் வண்டிகளில் சுற்றுலா போவது பற்றிய தங்கள் கட்டுரை மெத்தை, ஏ.சி. வசதிகளோடு நின்றுவிட்டது. மெல்பேர்ன் மருமகன் எங்களைக் கேரவனில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து விம்மெரா வட்டாரத்துக்கு அழைத்துச் சென்றார். சாலையின் இருபுறமும் கோதுமையும் மசூர் பருப்பும். (அந்த மசூர் இந்தியாவுக்கும் கப்பலேறுகிறது.) பிரிம் என்ற சிற்றூரின் தானியக் கிடங்குச் சுவரில், 2016இல் ஓவியர் கைடோ வான் ஹெல்டன் தீட்டி முடித்த நான்கு விவசாயிகள் நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. விலை படியாத சந்தை முகம்!

எனக்குப் பிடித்தது வேறு. கேரவன்கள் தங்கும் முகாமில், வண்டியின் கழிவறைத் தொட்டியைக் கொட்டத் தனிக் குழி, பக்கத்திலேயே அலசுவதற்குக் குழாய். மருமகன் கையுறை மாட்டி, கவிழ்த்து, கழுவிவிட்டுத் தேநீருக்கு வந்துவிட்டார். மும்பை–கோவா சாலையில் அப்படியொன்றை நான் கண்டதில்லை. வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் அந்தத் தொட்டிகள் யார் வயலில் கவிழும்?

– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மாட்டுங்கா, மும்பை