பாப்பாவுக்காக ஓடிய எல்லாருக்கும்

சுங்கை சிப்புட், லிந்தாங் சாலைப் பக்கத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நிலக்கடலை ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய எங்கள் எட்டு மாதப் பாப்பா இப்போது நலமாக இருக்கிறாள். தாமான் குடியிருப்பில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் விசாரிக்கிறீர்கள். நின்று பேச நேரம் கிடைப்பதில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் அத்தைக்கு. ஆமாம், கஞ்சியில் நிலக்கடலை விழுதைக் கலந்து ஊட்டியவருக்குத்தான். "கைக்குழந்தைக்கு யாராவது கச்சான் கொடுப்பாங்களா?" என்று அவர் காதுபடவே சிலர் கேட்டீர்கள். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் எங்களுக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. எல்லாம் கடுமையான கரப்பான் என்ற தோல் நோயோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கடலை சாப்பிட்டு வந்தவர்களில் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வந்தவர்கள், கடலையே தொடாமல் வளர்ந்தவர்களைவிட ஏறக்குறைய 80 விழுக்காடு குறைவு. முழுக் கடலை தொண்டையில் சிக்கும், அது கூடாது. மைய அரைத்துக் கொடுக்கலாம், அத்தை அப்படித்தான் கொடுத்தார். கரப்பான் அதிகம் உள்ள பிள்ளை என்றால் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். எங்கள் பாப்பாவுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, இனி அத்தையை யாரும் எதுவும் கேட்காதீர்கள்.

உண்மையில் பாப்பாவின் வாயோரம் சிவந்ததுமே கரண்டியைக் கீழே வைத்தவர் அவர்தான். எத்தனை வாய் ஊட்டினார், எந்த நேரத்தில் சிவந்தது என்று டாக்டர் கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை. அத்தை பிசகாமல் சொன்னார்.

அடுத்து, பக்கத்து வீட்டு டிரெசர் தாத்தா. தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போட்டுப் பழகிய கை, ஓய்வுபெற்றும் கண் மங்கவில்லை. முதலில் வயிற்றில் கொசு கடித்தது போலத் தடிப்புகள், அப்புறம் வாந்தி. கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. அழுகை கரகரவென்று மாறியது. என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நான் அவளைத் தூக்கித் தோளில் போடப் போனேன். "தோள்ல போடாதம்மா, படுத்த வாக்கிலேயே வச்சுக்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் பிடி" என்றார். இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் நேரத்தில் நிமிர்த்தினால் ஆபத்து என்பது பிறகுதான் புரிந்தது. மஞ்சளும் வேப்பிலையும் எடுத்துக்கொண்டு வந்த மூலை வீட்டுப் பாட்டிக்கும் ஒரு தனி நன்றி. "இப்ப வாயில எதுவும் போகக்கூடாது" என்று தாத்தா சொன்னதும், மறுபேச்சில்லாமல் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கேட்டைத் திறக்க ஓடினார். அந்த வயதில் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்க எல்லாருக்கும் வராது.

காடியை, அதாவது காரை, எடுத்தவர் எதிர்வீட்டுப் பாக்சிக் (மாமா). கைலியோடு வந்து உட்கார்ந்தார், செருப்புகூடப் போடவில்லை. சந்து முனையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. பாக்சிக் ஹாரன் அடித்து, கையை நீட்டிப் பின்சீட்டைக் காட்டினார். லாரிக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்சக்கரம் சாக்கடை விளிம்பைத் தொடும் வரை பின்னால் போய் ஒதுங்கினார், நாலு குலை கீழே உருண்டது. ஐயா, நீங்கள் எந்தத் தோட்டம், உங்கள் பெயர் என்ன என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்த தாதியரும் மருத்துவ உதவியாளரும் பதிவு, அடையாள அட்டை எல்லாம் அப்புறம் என்று சொல்லி நேராகச் சிவப்புப் பகுதிக்குள் கொண்டு போனார்கள். எடையைப் பார்த்து, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கில் தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் உயிர் காப்பது அந்த ஊசிதான், அரிப்புக்குக் கொடுக்கும் சிரப் அந்த வேலையைச் செய்யாது என்றும் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பாப்பா வழக்கமான குரலில் வீறிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியே நின்ற பாக்சிக் அழுதாராம்.

பாப்பா சிரித்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் செம்பனை ஆலையிலிருந்து வேலை உடுப்போடு வந்திருந்தார். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடி வரக்கூடும் என்று சொல்லி வார்டிலேயே வைத்துக்கொண்ட டாக்டருக்கும் நன்றி. அப்போது முகத்தைச் சுளித்ததற்கு என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

இந்தப் பாசார் மாலாமில், இந்த இரவுச் சந்தையில், எத்தனை பண்டத்தில் கச்சான் இருக்கிறது என்று இப்போதுதான் கண்ணில் படுகிறது. சாத்தே குழம்பு, ரோஜாக், பெச்சல், ஆப்பாம் பாலிக். ஆப்பாம் பாலிக் விற்கும் மாக்சிக் எங்களைத் தூரத்தில் கண்டதுமே "ஜாங்கான் டெக்காட்!" (கிட்ட வராதீங்க!) என்று கையை ஆட்டி விரட்டுகிறார். இப்படி விரட்டப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு வீட்டில் சாப்பாடு வைக்கிறோம். எல்லாரும் வந்துவிட வேண்டும், லாரிக்காரரும்தான். பலகாரம் கொண்டு வருகிறவர்கள் என்னென்ன போட்டுச் செய்தது என்று அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா