காரைக்குடி – அறந்தாங்கி சிறு ரயில்: ஞாயிறு கையெழுத்து

எல்லோருக்கும் வணக்கம். மான்செஸ்டரில் 1992-இல் பரி, ஆல்ட்ரிங்காம் புறநகர்ப் பாதைகளில் பழைய ரயிலுக்குப் பதிலாக இலகு ரயில் விட்டார்கள். தடம் அதேதான், வண்டி சின்னது, அடிக்கடி வரும். நமக்கும் அதுதான் வேண்டும்.

நம் மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தி, 2019-இல் திருவாரூர் வரை வண்டியும் விட்டாயிற்று. ஆனால் புதுவயல் அரிசி ஆலைக்கு வருபவர்களும், காரைக்குடிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும் இன்னும் பஸ் படிக்கட்டில்தான் தொங்குகிறார்கள். காலையும் மாலையும் இரண்டு பெட்டி வண்டி போதுமே!

மனு தயார். ஞாயிறு மாலை 5 மணிக்குக் கண்டனூர் புதுவயல் ஸ்டேஷன் வாசலுக்கு வாங்க. ஏறும் ஊர், நேரம், சீசன் டிக்கெட் எடுப்பீர்களா என்பதையும் எழுதுங்கள். வெறும் கையெழுத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. அறந்தாங்கிப் பக்கத்து ஆட்கள் இங்கேயே பதில் போட்டாலும் சரி.