இளநீர் குடிக்கலாமா?

கவுந்தப்பாடி,
மாசி 5

மாப்பிள்ளை சுப்புவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒன்றரை மாதமாகப் பேச்சே இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மஞ்சள் வெட்டு நடக்கிறது. அதோடு, போன் செய்தால் நீ மருந்துக்கடைக் கல்லாவில் நின்றபடி 'ம்' மட்டும் போடுவாய். இது 'ம்' போட்டுக் கேட்கிற சங்கதி இல்லை.

என் பையன் கவின் முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டான். அமெரிக்காவில், பொங்கல் விழாவில், கபடி ஆடி. சிரிக்காதே. பி.டி. வாத்தியார் இருந்திருந்தால் "சுரை விதைத்தால் அவரையா முளைக்கும்" என்று என்னைத்தான் பார்த்திருப்பார். ஒருவன் காலைப் பிடிக்க, இரண்டு பேர் மேலே விழ, முட்டி இடம் விலகிவிட்டது. நாலு ஜவ்வில் மூன்று போயின. தூக்கிக்கொண்டு போனதும் டாக்டர்கள் முட்டியைவிடப் பாதத்தில் நாடி துடிக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்களாம். முட்டிக்குப் பின்னால் ஓடுகிற ரத்தக்குழாய் அறுந்திருந்தால் காலே போயிருக்கும். அது தப்பியது. இதையெல்லாம் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் எங்களிடம் சொன்னான். உன் தங்கச்சி இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நான் கடையில் புரோட்டா தின்றேன்.

இப்படி மூன்று ஜவ்வைச் சரிசெய்த முட்டிக்குள் தழும்பு நார் நாராக வளர்ந்து இறுகிப்போவது உண்டாம். நாற்காலியில் உட்காரவே 90 டிகிரி மடங்க வேண்டும், சம்மணம் போட இன்னும் மேலே. மடங்காதவர்களுக்கு மயக்கம் கொடுத்து, டாக்டரே முட்டியைப் பிடித்து வலுவில் மடக்குவாராம். அந்தத் தழும்பை மாத்திரையால் மட்டுப்படுத்த முடியுமா என்று அங்கே சோதிக்கிறார்கள். கவினும் கையெழுத்துப் போட்டுவிட்டான், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல்.

என்ன மாத்திரை தெரியுமா? லோசார்டன்!

என் அப்பாவுக்கு நீ பன்னிரண்டு வருஷம் அட்டை அட்டையாகக் கொடுத்தாயே, அதேதான். அதற்கு முன் இனாலாப்ரில் என்ற கொதிப்பு மாத்திரை சாப்பிட்டு ராத்திரியெல்லாம் வறட்டு இருமல் இருமிக்கொண்டிருந்தவரை, டாக்டரிடம் சொல்லி இதற்கு மாற்றவைத்தவன் நீ. 1995-இல் அமெரிக்காவில் ரத்தக்கொதிப்புக்கு அனுமதி வாங்கிய பழைய மருந்து. தழும்பு வளரத் தூண்டும் 'டிஜிஎஃப் பீட்டா' என்ற புரதத்தையும் இது அடக்குகிறது என்று விலங்குகளிடம் பார்த்திருக்கிறார்களாம். மனிதன் முட்டியில் எடுபடுமா என்பதுதான் இப்போது கேள்வி. "அப்பாரு சாப்பிட்ட மாத்திரைதானே, பயப்படாதீங்க" என்கிறான் பையன்.

அதுதான் மாத்திரை என்றால் பரவாயில்லையே! சிலருக்கு மருந்து, சிலருக்கு அதே போல இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உன் தங்கச்சிக்கு இது அடுக்கவே இல்லை. "கொடுக்கிறவருக்கே தெரியாதென்றால் அது என்ன வைத்தியம்?" தெரிந்துவிட்டால் மருந்து கிடைத்தவன் உற்சாகமாக மடக்குவான், அளக்கிற டாக்டரும் இரண்டு டிகிரி கூட்டியே அளப்பார் என்று பெரிய மனிதன் மாதிரி விளக்கினேன். ஆபத்து என்றால் யாருக்கு எது என்று உடனே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றும் சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

வெறும் மாத்திரை விழுந்து, முட்டி இறுகிப்போனால்? மருந்தே விழுந்து, கொதிப்பே இல்லாத பையனுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, ஊன்றுகோலோடு எழும்போது தலை சுற்றி விழுந்தால்? எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை, சுப்பு. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிசியோதெரபிக்கு வருகிற ஒருவருக்கு வருஷம் ஒன்று ஆகியும் 60 டிகிரிக்கு மேல் மடங்கவில்லையாம். அவரைப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றான்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. தெம்பு வரும் என்று தினமும் டப்பா இளநீர் வாங்கிக் குடிக்கச் சொல்லியிருக்கிறாள் உன் தங்கச்சி. லோசார்டன் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பை ஏற்றும், இளநீரிலும் அது நிறைய, குறைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று நீ அப்பாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. (அவர் தோப்புக்குள் போய்த் திருட்டுத்தனமாகக் குடிப்பார். உனக்குத் தெரியாது.) அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களாம். அங்குள்ள டாக்டரைக் கேள் என்று கவினிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் நீயே அவளிடம் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் தென்னந்தோப்பு வைத்திருப்பவன் பேசுகிற பேச்சா என்கிறாள்.

கடைசியாக ஒன்று. கால் மடங்கினால் சென்னிமலை முருகன் கோயில் 1320 படியும் ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். கவின் ஏறுவான் என்று நினைத்தேன். இல்லையாம், நான்தான் ஏற வேண்டுமாம். துணைக்கு உன் பெயரையும் சேர்த்து வேண்டியிருக்கிறாள்.

துரைசாமி