எம்.ஆர்.பி. இல்லாத ஊர்

டல்லாஸ், டெக்சாஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை போய்விட்டது, மாத்திரைக்குப் பணம் அனுப்புகிறேன் என்று நகையை அடகு வைக்காதே. மாங்காய்க்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி அனுப்புவதாக மாமா சொன்னாராம், அதுவும் வேண்டாம். போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது பாதிகூட உன் காதில் ஏறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது வேலை போன கதையை மட்டும் தாண்டிப் போய்விடு.

இங்கே வேலை போனால் இன்சூரன்சும் கூடவே போய்விடும். என் கம்பெனியில் மாதக் கடைசி வரை விட்டுவைத்தார்கள். வேண்டுமானால் அதே இன்சூரன்சை 18 மாதம் வரை நாமே காசு கட்டித் தொடரலாம், கோப்ரா என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இத்தனை நாள் கம்பெனி கட்டிய பங்கும் நம் தலையில் விழும், அதற்கு மேல் 2 சதவீதம் வேறு. எங்கள் மூன்று பேருக்கும் மாதம் 2,000 டாலருக்கு மேல் வருகிறது. சம்பளம் வரும்போதே யோசிக்க வேண்டிய தொகை. அதில் ஒரு சௌகரியம் உண்டு: சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் தருகிறார்கள், அதற்குள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் பின்தேதியிலிருந்து பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். அதனால் பெரிய செலவு வந்தால் என்ன செய்வாய் என்று நீ கேட்டதற்கு இப்போதைக்கு இதுதான் பதில். அதே 60 நாளுக்குள் அரசாங்க இணையதளத்தில் வேறு பிளானும் எடுக்கலாம். எடுத்துவிட்டேன், அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து செல்லும். எனக்கு இதய நோய் இருக்கிறது என்று யாரும் தள்ள முடியாது, 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டம் அதைத் தடுக்கிறது. பாப்பாவுக்குத் தனியாக அரசின் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நடுவில் இருக்கும் நாட்களுக்கு மாத்திரை, அதுதான் பிரச்சினை.

எனக்கு நான்கு மாத்திரை. மெட்டோபுரோலால், லிசினோபிரில், அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள், எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் தயாரிக்கலாம். நான்காவது அபிக்ஸபான். எனக்குத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதால் இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறைந்துவிடக்கூடும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அப்பா கடைசி காலத்தில் கட்டிலில் கிடந்தது நம் இருவருக்கும் மறக்காது. அது வராமல் தடுக்கத்தான் அந்த மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. விட்டால் ஒன்றிரண்டு நாளில் அதன் காவல் போய்விடும். பாதி பாதியாக உடைத்துச் சாப்பிட்டு இழுக்கிற வேலையும் இதில் ஆகாது.

இங்கே மாத்திரையில் எம்.ஆர்.பி. கிடையாது அக்கா. அட்டையே கிடையாது. ஆரஞ்சு நிற டப்பாவில் எண்ணிப் போட்டு, என் பெயர் ஒட்டிக் கொடுப்பார்கள். விலை எங்கேயும் எழுதியிருக்காது. ஒரே சாலையில் மூன்று கடை, ஒரே அடோர்வாஸ்டாட்டின், மூன்று விலை. ஒரு கடையில் சொன்ன விலையைக் கேட்டுத் திரும்பி நடந்தேன். வாசலில் நின்று போனில் ஒரு கூப்பனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், அதே பெண் அதே கவுண்டரில் கால்வாசி விலை சொன்னாள். கூச்சமே இல்லை அவளுக்கு. குந்தாரப்பள்ளி சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவார்களே, அப்படித்தான் இங்கே நெஞ்சுக்கு மருந்து வாங்குகிறோம். என்ன, இங்கே துண்டு கண்ணுக்குத் தெரியாது.

கேட்கத் தெரிந்துவிட்டால் மூன்று பழைய மாத்திரையும் பெரிய செலவில்லை. வால்மார்ட்டில் 2006-லிருந்தே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் பல மருந்து ஒரு மாதத்துக்கு 4 டாலர், மூன்று மாதத்துக்கு 10 டாலர். இன்சூரன்ஸ் கேட்பதில்லை. மெட்டோபுரோலாலும் லிசினோபிரிலும் அங்கேதான் வாங்கினேன். மார்க் கியூபன் என்ற பணக்காரர் 2022-ல் தபாலில் அனுப்பும் மருந்துக்கடை தொடங்கினார், கொள்முதல் விலைக்கு மேல் 15 சதவீதம், அப்புறம் கடைக்கூலி, தபால் செலவு என்று கணக்கைப் பிரித்தே காட்டுகிறார்கள். ஒரு கடைக்காரன் தன் லாபத்தைச் சொல்லி விற்பதை இந்த ஊரில் அங்கேதான் பார்த்தேன்.

அபிக்ஸபான் மட்டும் கைக்காசு கொடுத்து வாங்கினால் மாதம் பல நூறு டாலர். நம் ஊரில் 2022-ல் காப்புரிமை முடிந்து எத்தனையோ கம்பெனி செய்கிறது, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் எந்த மருந்துக்கடையிலும் கேட்டுப் பார். இங்கே மலிவான சரக்கு வர 2028 வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் மாமா, "நான் வாங்கி கூரியரில் போடுகிறேன்" என்றார். அவர் மனசுக்கு நன்றி சொல்லு, ஆனால் போட வேண்டாம். இங்கே அனுமதி இல்லாத மருந்தைத் தபாலில் வரவழைப்பது பொதுவாகச் சட்டப்படி கூடாது, சுங்கத்தில் பிடித்து வைத்துவிட்டால் மாத்திரையும் இல்லை காசும் இல்லை.

டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், இன்சூரன்ஸ் போய்விட்டது, இந்த மாத்திரை என்னால் முடியாது என்று. அவர் முகம் சுளிக்கவில்லை. தினமும் கேட்கிற பேச்சு போலிருக்கிறது. வார்ஃபரின் என்ற பழைய மருந்துக்கு மாற்றிவிட்டார், இதுவும் ரத்தம் உறையாமல் தடுப்பதுதான். மாதத்துக்குச் சில டாலர்தான். இதன் கதை உனக்குப் பிடிக்கும்: 1920-களில் அமெரிக்காவின் வடக்கிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்திருக்கின்றன, ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்த சரக்கு இது. 1948-ல் எலி மருந்தாக விற்று, அப்புறம்தான் மனிதருக்குக் கொடுத்தார்கள். எலி மருந்து என்பதை அம்மாவிடம் சொல்லாதே. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே மாரடைப்பு வந்தபோது இதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல், நம்பிவிடுவார்.

மலிவு என்பதால் வேலை குறைவில்லை. ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும், ஐ.என்.ஆர். என்கிற அந்த அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். இதில் கீரை வேறு. முருங்கைக்கீரை நிறையத் தின்றால் மருந்து அடங்கிப்போகும். கீரையே கூடாது என்றில்லை, வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடு என்கிறார்கள். அம்மா அனுப்பிய முருங்கைப் பொடி அலமாரியில் இருக்கிறது. இன்னொரு பார்சல் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்.

ரத்தப் பரிசோதனைக்கு சமூக சுகாதார மையம் என்று ஒன்று உண்டு. மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது, வருமானத்துக்குத் தகுந்த கட்டணம், சம்பளச் சீட்டு கேட்பார்கள். இல்லாதவன் என்று நிரூபிக்க இவ்வளவு காகிதமா என்று எரிச்சல் வரும். ஆனால் பரிசோதனைக்குக் கொடுத்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். வரிசையில் பக்கத்தில் இருந்த மெக்சிகோ பெரியவர் பி.பி. மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறாராம். கூரை வேலை செய்கிறவர். டெக்சாஸில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு சிறு பிள்ளை இல்லாத பெரியவர்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது. அபிக்ஸபான் கம்பெனியே வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகத் தருகிற ஏற்பாடும் இருக்கிறது. டாக்டர் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.

நீ பையும் பி.பி. மெஷினுமாக வீடு வீடாகப் போகிறாயே, அதை இங்கே சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 2021-ல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள் என்று அந்தப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வீட்டுக்கு வருகிறவளுக்கு எவ்வளவு சம்பளம்?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு ஒழுங்காக வருகிறதா?

மாமா பி.பி. மாத்திரையை "தலை சுற்றவில்லை, எதற்கு" என்று நிறுத்தினதாக அம்மா போனில் போட்டுக்கொடுத்துவிட்டார். உன் பையிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாமே, கட்டிக்கொண்டவர் என்பதால் பதிவேட்டில் பெயர் இருக்கக்கூடாதா என்ன? அம்மாவின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்றும் தேடி வை, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு தேடாதே.

ஒரு மளிகைக் கடையில் பகுதி நேரம் நிற்கிறேன், வாடகைக்கு ஆகிறது. இரண்டு இடத்தில் நேர்காணல் முடிந்திருக்கிறது. தோத்தாபுரி மாங்காய் இந்த வருஷம் கிலோ என்ன போகிறது, கூழ் கம்பெனிக்காரன் போன வருஷ பாக்கியைக் கொடுத்தானா என்று எழுது. ஏற்கெனவே எங்காவது கடன் வாங்கியிருந்தால் அதையும் எழுது.

அன்புத் தம்பி