யவனக் கல்வியைச் சுமந்து வந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கப் பண்பாடு பரவிய விதம் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தகவல்கள் செறிந்த கட்டுரைதான். ஆனால், பரவலின் பெருமை முழுவதையும் அலெக்சாந்தரின் படையெடுப்புக்கே அது எழுதிக் கொடுத்துவிட்டது. கி.மு. 323இல் அவர் பாபிலோனில் இறந்தபோது, கிரேக்க அறிவியல் என்று இன்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி எழுதப்படவே இல்லை. கணித அறிஞர் ஆர்க்கிமிடீஸ், மருத்துவர் காலன், வானியலாளர் தாலமி ஆகிய மூவருமே அவருக்குப் பின் பிறந்தவர்கள்.

ஆப்கானிஸ்தானின் வடகோடியில், ஆமு தரியாவும் கோக்சா ஆறும் கூடுமிடத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அகழ்ந்தெடுத்த, கிரேக்கர் குடியேறி வாழ்ந்த ஆய்கானும் நகரைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். அங்கே நாடக அரங்கும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தன. கிளியார்க்கஸ் என்பவர் கிரேக்கத்தின் புனிதத் தலமான டெல்பியில் கவனமாகப் படியெடுத்து வந்த அறவுரைகளைப் பொறித்த கல்லின் பீடமும் கிடைத்தது. இவை கிரேக்கம். ஆனால் அந்நகரின் பெரிய கோயிலோ, தடித்த சுவர்களும் மாடங்களுமாக மெசபடோமியப் பாணியில் எழுந்தது. அதனுள் கிடைத்த பளிங்குச் சிலையின் பாதத்தில், செருப்பின் மேல் கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான சியூஸின் இடிச்சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது. கோயில் ஓரிடத்தது, செருப்பு வேறிடத்தது. வென்றவரின் பண்பாடு அப்படியே வந்து குடியேறியது என்று இதைப் பார்த்த பிறகும் சொல்ல முடியுமா?

கட்டுரையில் எனக்குப் பெருங்குறையாகப் பட்டது, மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்து, கிரேக்க நூல்களைச் சிரியாக், அரபு மொழிகளில் பெயர்த்த ஹுனைன் இப்னு இஷாக், காலன் எழுதிய ஒரேயொரு நூலைத் தேடி, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றதாகவும், கடைசியில் டமாஸ்கஸில் அதில் ஏறத்தாழப் பாதி மட்டுமே அகப்பட்டதாகவும் தாமே எழுதி வைத்திருக்கிறார். காலனின் வேறொரு நூலுக்கு இளமையில் பிழை மலிந்த சுவடியைக் கொண்டு செய்த மொழிபெயர்ப்பை, பின்னாளில் பல சுவடிகளைச் சேர்த்து ஒப்பிட்டு, மூலத்தைச் செப்பம் செய்துகொண்டு, திருத்தியமைத்தவர் அவர். (நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.) தாலமியின் வானியல் நூலும் இவ்வாறே அரபு வழியாக ஸ்பெயினின் தொலேதோ நகரை அடைந்து, 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு கையால் இலத்தீனாயிற்று. 'அல்மஜெஸ்ட்' என்ற அதன் பெயரின் முதலசை இன்றும் அரபாகவே நிற்கிறது.

நம் வீட்டு நாட்காட்டியில் குரு ஓரை, சுக்கிர ஓரை என்று அச்சாகும் 'ஓரை'யும், சோதிடர்கள் சொல்லும் 'கேந்திரம்' என்பதும் வடமொழிச் சோதிட நூல்கள் வழியே நம்மிடம் வந்த கிரேக்கச் சொற்களே. அலெக்சாந்தரின் படையோ பஞ்சாபின் பியாஸ் நதிக்கரையிலேயே திரும்பிப் போய்விட்டது.

பாக்தாத், தொலேதோ மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை அதே கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.