பொசஷன் நோட்டீஸ் பக்கத்துலயே ரெண்டு வரி போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல, கடன் கட்டாத வீட்டை எங்க வசம் எடுத்துக்கிட்டோம்னு பேங்க்காரங்க குடுக்குற பொசஷன் நோட்டீஸ் பக்கம் பக்கமா வருது, கொளத்தூர் பிளாட், ஆவடி தனி வீடு, மாதவரம் மனைன்னு, பூதக்கண்ணாடி இருந்தாத்தான் படிக்க முடியும், அதுலயும் பாதி கோர்ட்டு தமிழ். அந்தப் பக்கத்து ஓரத்துல ‘இதுல உங்க பேர் இருந்தா 45 நாளுக்குள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துல (டிஆர்டி) மனு போடலாம், வக்கீலுக்கு வசதி இல்லேன்னா இலவச சட்ட உதவிக்கு 15100-க்கு போன் பண்ணுங்க’ன்னு ரெண்டே ரெண்டு வரி போட்டீங்கன்னா புண்ணியமா போகும். விளம்பரக் காசு வரட்டும், வேணாங்கல, அந்த வீட்டுக்காரங்களும் உங்க வாசகர்தானே.

எதுக்கு சொல்றேன்னா என் தங்கச்சி வீட்டுல இப்ப இதுதான் ஓடுது. அவ வீட்டுக்காரருக்கு வேலை போய் மூணு மாச இஎம்ஐ நின்னதும் அக்கவுண்ட் என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆயிடுச்சு, அப்புறம் 60 நாள் டைம் குடுத்து டிமாண்ட் நோட்டீஸ். இங்க கோர்ட்டுல கேஸ் போட்டு ஜட்ஜ்மென்ட் வாங்கித்தான் வீட்டை எடுக்கணும்னு பலபேர் நினைச்சுட்டு இருக்காங்க, அதெல்லாம் 2002 சர்ஃபேசி சட்டத்தோட போச்சு, பேங்க்கே நோட்டீஸ் விட்டு பேங்க்கே எடுத்துக்கலாம். ஆனா அந்த 60 நாளுக்குள்ள நம்ம பக்கத்து ஆட்சேபணைய எழுத்துல குடுத்தா 15 நாளுக்குள்ள பேங்க் காரணத்தோட பதில் சொல்லியே ஆகணும். அந்த லெட்டரையே வக்கீல் கையால எழுதி வாங்கிடணும், வட்டி கணக்கு தப்பு, கட்டின பணம் வரவு வைக்கல, எதுவா இருந்தாலும் பின்னாடி கேஸுக்கு அதுதான் அஸ்திவாரம்.

நம்ம ஜனங்க வக்கீல்னா யாரைத் தேடுவாங்க, சொந்தத்துல யாரு, தெருவுல யாருன்னுதான். தங்கச்சி வீட்டுக்காரரும் அவங்க ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட போனாரு, பாகப்பிரிவினை கேஸ்ல கெட்டிக்காரர், நல்ல மனுஷன், அவர் சிட்டி சிவில் கோர்ட்டுல இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) போட்டுடலாம்னு சொல்லிட்டாரு. சர்ஃபேசி விஷயத்துல சிவில் கோர்ட்டு கை வைக்கவே முடியாது, அந்த சட்டத்துலயே 34-வது பிரிவுல இருக்கு. போகவேண்டிய இடம் டிஆர்டி, சென்னையில மூணு இருக்கு, அங்க மனு போட பாக்கிப் பணத்துல இவ்வளவு கட்டிட்டு வான்னு கட்டாயம் கிடையாது, 75 பர்சன்ட் கட்டணும்னு முன்னாடி இருந்ததை 2004-ல சுப்ரீம் கோர்ட்டு தூக்கிடுச்சு. மனு போட்ட உடனே ஏலம் நின்னுடாது, ஸ்டே தனியா கேக்கணும், அதுக்கு கொஞ்சம் பணம் கட்டச் சொல்லலாம்.

பொசஷன் நோட்டீஸ் ஒட்ட வந்த அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். கேட்டுல பேஸ்ட் பண்ணிட்டு கோந்து காயறதுக்குள்ள நாலு பக்கமும் நின்னு போன்ல போட்டோ எடுத்தாங்க, ஒரு போட்டோல காலைல போட்ட கோலமும் விழுந்துருக்கு, அதையேதான் பேங்க் சைடுல கேஸ் பேப்பரோட சேத்துருக்காங்க. யாரையும் வெளிய போகச் சொல்லல, அதனால அக்கம்பக்கத்துல சும்மா பயமுறுத்துறாங்கன்னு தேத்தினாங்க. சும்மா இல்லீங்க, 45 நாள் அன்னிலேர்ந்து ஓட ஆரம்பிச்சுடுது. இதை விட்டா சென்னைக்குள்ள எழும்பூர் சிஎம்எம் (தலைமை மாஜிஸ்திரேட்) கோர்ட்டுல ஆர்டர் வாங்கிட்டு வக்கீல் கமிஷனரும் போலீசுமா வந்து பூட்டைப் போட்டுடுவாங்க. 2016 திருத்தத்துக்கு அப்புறம் ஏல அறிவிப்பு பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி முழு பாக்கியும் கட்டினாத்தான் வீட்டை மீட்குற உரிமை, அதனாலதான் ஏல விளம்பரத்துகிட்ட இல்லாம பொசஷன் நோட்டீஸ்கிட்டயே போடுங்கன்னு கேக்குறேன்.

வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல், ஆன்லைன்ல வக்கீல் பிடிச்சுத் தர்ற கம்பெனிங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024-ல நம்ம ஹைகோர்ட்டே உத்தரவு போட்டுச்சு. சரிதான், ஆனா அந்த இடைவெளியில புரோக்கருங்க பூந்துடுறாங்க, ‘ஹைகோர்ட்டுல ஸ்டே, கேரண்டி’ன்னு அட்வான்ஸ் கேப்பாங்க, டிஆர்டி இருக்கும்போது ஹைகோர்ட்டுக்கு நேரா ரிட் மனுவோட வராதீங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு 2010-லயே சொல்லியாச்சு. எங்களுக்கு வழி கிடைச்சது டிஆர்டி வெப்சைட்டுல. ஆர்டருங்கள எடுத்துப் பாத்தா கடன்காரர் பக்கம் யார் யார் ஆஜர் ஆனாங்கன்னு பேர் இருக்கு, அதுலேர்ந்து நாலு பேரை குறிச்சுட்டு போய்ப் பாத்தோம். முதல் கேள்வியே, சார் நீங்க எந்தெந்த பேங்க் பேனல்ல (பேங்க் வச்சிருக்குற வக்கீல் லிஸ்ட்ல) இருக்கீங்க, ஏன்னா டிஆர்டி-ல பழக்கமான வக்கீல் பலபேர் பேங்க்குக்கும் ஆஜராவாங்க. அதுல ஒருத்தர் தங்கச்சிக்கு லோன் குடுத்த பேங்க்குக்கே பேனல் வக்கீலாம், அவரா சொல்லி டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஃபீஸ் மொத்தம் எவ்வளவு, மனுவுக்கு மட்டுமா ஏலம் வரைக்குமா, ரசீது உண்டா, இதெல்லாம் வக்காலத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடணும், கூச்சப்படக்கூடாது.

ஃபீஸ் குடுக்க முடியாதவங்க சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுக்கலாம், மாநில ஆபீஸ் ஹைகோர்ட் பக்கத்துல நார்த் ஃபோர்ட் ரோட்டுல இருக்கு, டிரிபியூனல் கேஸுக்கும் சட்டத்துல இடம் உண்டு. பொம்பளைங்களுக்கும் எஸ்சி, எஸ்டி ஆளுங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே கிடையாது, அதனால லோன்ல மனைவியும் சேந்து கையெழுத்து போட்டிருந்தா அவங்க பேர்லயே மனு எழுதிக் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை